இடுப்பு மூட்டைக் கையால் சோதித்துச் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

செந்தூல்வாசி எழுதியது:

இரண்டாவது பிள்ளை பிறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கர்ப்பத்தின் ஆறாவது மாதத்தில் தொடங்கிய வலி இன்னும் விடவில்லை. முதுகின் கீழே, வலப்பக்கம் குழி விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலிக்கிறது. படுக்கையில் புரளும்போதும், காரில் ஏற ஒரு காலை உள்ளே வைக்கும்போதும், அடுக்குமாடியின் படிகளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதும் சுரீர் என்கிறது.

கோலாலம்பூரில் மூன்று இடங்களில் காட்டினேன். முதலாமவர் பின்னால் நின்று இரண்டு பெருவிரல்களையும் இடுப்பில் வைத்துக் குனியச் சொல்லிப் பார்த்துவிட்டு, வலப்பக்க இடுப்பெலும்பு முன்னோக்கிச் சுழன்று மாட்டிக்கொண்டது என்றார். ஒன்பது நாள் கழித்துப் பார்த்த இரண்டாமவரோ, இறுகியிருப்பது இடப்பக்கம், வலப்பக்கம் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்குவதால்தான் வலிக்கிறது என்றார். மூன்றாமவர் என்னைப் படுக்கவைத்துக் கணுக்கால்களை ஒப்பிட்டு, ஒரு கால் குட்டையாகிவிட்டது என்று சொல்லிப் பத்து முறை வரும் தொகுப்புக்குப் பணமும் கட்டவைத்தார். மூவரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். சொன்னதில் மூவருக்கும் ஐயமே இருக்கவில்லை. தவறு ஆளிடமா, சோதனையிடமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பினாங்கு பிசியோ எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். பட்டர்வொர்த்திலும் பினாங்குத் தீவிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்களை முதலில் பார்த்தவர் செய்த சோதனையை நானும் பல ஆண்டுகள் அதே உறுதியோடு செய்திருக்கிறேன் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் சுட்டிக்காட்டும் இடம், முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு. எங்கள் தொழிலில் எஸ்.ஐ. (சாக்ரோஇலியாக்) மூட்டு என்போம். அதைக் கையால் சோதிக்கும் முறைகள் இரண்டு குடும்பங்களாகப் பிரியும். எலும்பு எங்கே நிற்கிறது, எவ்வளவு நகர்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது ஒரு குடும்பம்; நின்று குனியும் சோதனை, உட்கார்ந்து குனியும் சோதனை, ஒரு முழங்காலை மார்பை நோக்கித் தூக்கவைக்கும் ஜில்லே சோதனை, கால் நீளத்தை ஒப்பிடுவது எல்லாம் அதில் அடங்கும். மூட்டுக்குள் வேண்டுமென்றே அழுத்தம் கொடுத்து, உங்களுக்குப் பழகிய அதே வலி எழுகிறதா என்று கேட்பது மற்றொரு குடும்பம். உங்களைப் பார்த்த மூவரும் முதல் குடும்பத்தையே நம்பியிருக்கிறார்கள்; மூன்று விதமான முடிவு வந்ததற்கு முக்கியக் காரணமும் அதுவே என்பது என் கருத்து.

இந்த மூட்டு அசையும் அளவு மிகச் சிறியது. 1989இல் சுவீடனின் ஸ்டூரெசன் குழுவினர், 25 நோயாளிகளின் எலும்புகளுக்குள் டான்டலம் என்ற உலோகத்தாலான நுண் குண்டுகளைப் பதித்து, எக்ஸ்ரே படங்களின் வழியே அசைவை அளந்தார்கள். சராசரிச் சுழற்சி ஏறத்தாழ 2.5 பாகை, நகர்வு 0.7 மில்லிமீட்டர். அதே வழியில் 2000ஆம் ஆண்டு ஜில்லே சோதனையின்போது மூட்டு எவ்வளவு நகர்கிறது என்றும் பார்த்து, மூட்டின் அசைவைக் கண்டறிய அந்தச் சோதனையைப் பரிந்துரைக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றின் மேலே பெருவிரலை வைத்துக்கொண்டு அரை மில்லிமீட்டர் வேறுபாட்டைச் சொல்வதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

1985இல் பாட்டர், ராத்ஸ்டைன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் மிகவும் அறியப்பட்டது. 13 சோதனைகளை 17 நோயாளிகளிடம் வெவ்வேறு சிகிச்சையாளர்களைக் கொண்டு செய்து பார்த்ததில், 11 சோதனைகளில், ஒரே நோயாளியைச் சோதித்த இரு சிகிச்சையாளர்களின் ஒப்புதல் 70 விழுக்காட்டைத் தொடவில்லை. தாண்டிய இரண்டும் நோயாளியின் வலியைக் கேட்டு முடிவு செய்பவை. பிறகு 1994இல் டிரைஃபஸ் குழுவினர் வலியே இல்லாத 101 பேரிடம் அசைவுச் சோதனைகளைச் செய்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு சோதனையாவது கோளாறு இருப்பதாகக் காட்டியது. ஜில்லே சோதனை மட்டும் 16 விழுக்காட்டினரைப் பிடித்தது. அவர்கள் யாரும் நோயாளிகள் அல்லர் என்பதை மறக்க வேண்டாம்.

வைத்தியர் பேரன் எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுதாக ஏற்க முடியவில்லை. என் தாத்தா தோட்டத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டவர். கையை வைத்த மாத்திரத்தில் எங்கே பிசகியிருக்கிறது என்று சொல்வார், நோயாளி எழுந்து நடந்து போவார். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களுக்குச் சென்றவர்களுக்கும் விரல் எவ்வளவு நுட்பமான கருவி என்பது தெரியும். ஒரு தாளின் அடியில் கிடக்கும் தலைமுடியைக்கூட விரல் நுனி உணர்ந்துவிடுகிறது. அப்படியிருக்க, 0.7 மில்லிமீட்டர் என்பது விரலுக்கு எட்டாத அளவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பயிற்சி குறைந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வாகவும் இருக்கலாம் அல்லவா?

பினாங்கு பிசியோ எழுதியது:

தம்பி, தலைமுடியின் மேல் ஒரு தாள்தான் இருக்கிறது. இந்த மூட்டின் மேலோ தடித்த தசைநார்களும் அவற்றுக்கு மேல் தசையும் கொழுப்பும் இருக்கின்றன. குனியும்போது இவையும் சேர்ந்தே நகர்கின்றன. பெருவிரல் உணர்வது எலும்பையா, அதன் மேல் வழுக்கும் தோலையா என்பதை விரலின் சொந்தக்காரரே பிரித்தறிய முடியாது. போதாக்குறைக்கு, இடுப்பின் இரு பக்க எலும்புகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல் எவருக்கும் அமைவதில்லை.

தாத்தாவைப் பற்றிச் சொன்னதற்கு 1998இல் வந்த டுல்பெர்க் குழுவின் ஆய்வு பதிலாகலாம். எஸ்.ஐ. மூட்டு பிசகியிருப்பதாகக் கையால் கண்டறியப்பட்ட 10 நோயாளிகளுக்கு மூட்டைச் சொடுக்கிவிடும் சிகிச்சை அளித்து, அதற்கு முன்னும் பின்னும் உலோகக் குண்டுகள் பதித்த எக்ஸ்ரே முறையில் எலும்பின் இடத்தை அளந்தார்கள். கைச்சோதனைகள் பெரும்பாலும் கோளாறிலிருந்து இயல்புக்கு மாறிவிட்டதாகக் காட்டின. எலும்போ இருந்த இடத்திலேயே இருந்தது. உங்கள் தாத்தாவிடம் வந்தவர் எழுந்து நடந்ததை நான் மறுக்கவில்லை. சொடுக்கியபின் தசை இறுக்கம் தளரும், பயம் போகும், வலி குறையும். எலும்பு இடம் மாறியது என்ற விளக்கத்தைத்தான் மறுக்கிறேன்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள்; கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். 70 விழுக்காட்டு ஒப்புதல் என்று ஐயா சொன்னது கேட்பவர்களுக்கு ஓரளவு நல்ல மதிப்பெண் போலத் தோன்றக்கூடும் என்பதால் குறுக்கிடுகிறேன்.

பாலிக் பூலாவில் இரண்டு டுரியான் வியாபாரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 பழங்களைக் குலுக்கி, முகர்ந்து, ஒவ்வொன்றையும் தேறும் அல்லது தேறாது என்று ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் சொல்ல வேண்டும். இருவருமே சோம்பேறிகள், பழத்தைத் தொடாமலேயே பத்தில் ஒன்பது தேறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அப்போதும் 82 பழங்களில் அவர்களின் பேச்சு ஒத்துப்போகும். 81 பழங்களில் இருவரும் தேறும் என்றும், ஒரு பழத்தில் இருவரும் தேறாது என்றும் சொல்லியிருப்பார்கள். ஆகவே உண்மையாகவே குலுக்கிப் பார்க்கும் இருவர் 85 பழங்களில் ஒத்துப்போனால், அவர்களின் திறமையால் கிடைத்தது வெறும் 3 பழங்கள்தான்.

இந்தத் தற்செயல் ஒப்புதலைக் கழித்துவிட்டுச் சொல்லும் எண்ணைத்தான் காப்பா என்கிறோம். ஜேக்கப் கோஹென் 1960இல் முன்வைத்தது. முழு ஒப்புதலுக்கு 1, தற்செயலுக்கு 0. மேலே சொன்ன வியாபாரிகளுக்குத் தற்செயலுக்கு மேல் கிடைக்கக்கூடியதே 18 பழங்கள். அதில் 3 கிடைத்ததால் காப்பா ஏறத்தாழ 0.17. 1977இல் லாண்டிஸ், கோக் இருவரும் வகுத்த, இன்றும் பலர் பின்பற்றும் அளவுகோலின்படி 0.20 வரை மிகச் சொற்ப ஒப்புதல், 0.61க்கு மேல் போனால்தான் கணிசமான ஒப்புதல். அந்த அளவுகோலும் வேதவாக்கு அல்ல; எல்லாருமே நோயாளிகள், அல்லது யாருமே நோயாளி இல்லை என்கிற கூட்டத்தில் திறமையான இருவருக்கும்கூடக் காப்பா சரிந்துவிடும்.

பயிற்சி குறைந்தவர்களோ என்று வைத்தியர் பேரன் கேட்டது நியாயமான கேள்வி. 17 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒருவர் மாறினாலே 6 விழுக்காடு ஏறி இறங்கும்; அந்த ஒன்றை மட்டும் கொண்டு நான் எதையும் முடிவு செய்யமாட்டேன். ஆனால் 2002இல் ரிடில், ஃப்ரீபர்கர் இருவரும் 34 சிகிச்சையாளர்களையும் 65 நோயாளிகளையும் கொண்டு, ஒற்றைச் சோதனையாக இல்லாமல் நான்கு அசைவு, அமைவுச் சோதனைகளைச் சேர்த்தே பார்த்தார்கள். அப்போதும் இருவருக்கிடையிலான ஒப்புதல் நம்பிப் பயன்படுத்த முடியாத அளவுக்குக் குறைவாகவே இருந்தது.

செந்தூல்வாசி எழுதியது:

டுரியான் கணக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் ஒரு சந்தேகம். இரண்டு வியாபாரிகளும் ஒரே பாடத்தைத் தவறாகப் படித்தவர்களாக இருந்தால், எல்லாப் பழங்களிலும் ஒத்துப்போயும் எல்லாவற்றையும் தவறாகச் சொல்லலாம் அல்லவா? வலியைத் தூண்டும் சோதனைகளில் ஒப்புதல் அதிகம் என்று ஐயா சொன்னார். அவை சொல்வது உண்மைதானா என்பதை யார் அறுத்துப் பார்த்தார்கள்?

பினாங்கு பிசியோ எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முதலில் ஒப்புதலைச் சொல்லிவிடுகிறேன். 1994இல் லாஸ்லெட், வில்லியம்ஸ் இருவரும் 51 நோயாளிகளிடம் ஏழு வலித்தூண்டல் சோதனைகளைச் செய்து பார்த்து, ஐந்தை நம்பத்தகுந்தவை என்றார்கள். இதில் எங்கள் கைத்திறனுக்கு மட்டும் பாராட்டு வேண்டாம். எலும்பைத் தடவும்போது முடிவு சிகிச்சையாளரின் விரலில் இருக்கிறது; வலியைத் தூண்டும்போது முடிவு நோயாளியின் வாயில் இருக்கிறது. சோதிப்பவர் மாறினாலும் பதில் சொல்பவர் அதே ஆள்தான் என்பதால் ஒப்புதல் இயல்பாகவே கூடும். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, நீங்கள் சொல்லி வந்த அதே வலியா என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

அறுத்துப் பார்ப்பதற்கு இணையாக எங்களிடம் இருப்பது மூட்டுக்குள் போடும் மரப்பு ஊசி. எக்ஸ்ரேயில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் மருந்தைச் செலுத்தி, வலி பெருமளவு போய்விட்டால் மூட்டுதான் காரணம் என்று கொள்வார்கள். லாஸ்லெட் குழுவினர் 2005இல் 48 நோயாளிகளிடம் ஆறு தூண்டல் சோதனைகளைச் செய்து, பிறகு ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். ஊசியால் 16 பேருக்கு மூட்டு வலி உறுதியாயிற்று. ஆறில் மூன்று அல்லது அதற்கு மேல் வலித்தவர்கள் என்ற வரையறை அந்த 16 பேரில் 15 பேரைப் பிடித்தது, மற்ற 32 பேரில் 25 பேரைச் சரியாக விலக்கியது. அதாவது 94 விழுக்காடும் 78 விழுக்காடும். முதுகைத் திரும்பத் திரும்ப வளைக்கச் செய்து, வலி காலிலிருந்து முதுகின் நடுவுக்குச் சுருங்குகிறவர்களை முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் வலி என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டால் கணிப்பு இன்னும் கூர்மையாகிறது என்பதை அவர்கள் 2003இலேயே காட்டியிருந்தார்கள். இங்கே அந்தப் படியைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

எல்லா ஆய்வும் இதே பக்கம் நிற்கவில்லை. 1996இல் பிரான்சின் மேன் குழுவினர் 54 பேரைப் பார்த்தபோது எந்தத் தூண்டல் சோதனையும் தனித்து நின்று உதவவில்லை. அதே ஆண்டு டிரைஃபஸ் குழுவினர் 85 பேரிடம் 12 சோதனைகளைச் செய்தபோதும் முடிவு அதுதான். ஆகவே ஒற்றைச் சோதனையைக் காட்டி உனக்கு எஸ்.ஐ. மூட்டுக் கோளாறு என்று ஒருவர் சொன்னால், அது எந்தக் குடும்பத்துச் சோதனையாக இருந்தாலும் ஏற்காதீர்கள்.

வைத்தியர் பேரன் எழுதியது:

ஊசியை மட்டும் ஏன் கத்தியாக ஏற்றுக்கொள்கிறீர்கள்? ஊசி போட்டதாலேயே சிலருக்கு வலி குறைந்ததாகத் தோன்றாதா? மருந்து மூட்டுக்கு வெளியே கசிந்தால் என்ன செய்வீர்கள்?

பினாங்கு பிசியோ எழுதியது:

கத்தி மழுங்கியதுதான், மறுக்கவில்லை. மேன் குழுவின் ஆய்விலேயே முதல் ஊசிக்கு 19 பேர் வலி போயிற்று என்றார்கள். வேறொரு நாள், நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தை வைத்து இரண்டாவது ஊசி போட்டபோது அவர்களில் 10 பேர்தான் மறுபடியும் அப்படிச் சொன்னார்கள். மறுபக்கச் சிக்கலும் உண்டு. மூட்டின் பின்புறத் தசைநார்களிலிருந்து வரும் வலி, மூட்டுக்குள் போடும் மருந்துக்கு அடங்காமல் போகலாம். அப்படிப்பட்டவரிடம் தூண்டல் சோதனை வலித்து, ஊசி இல்லை என்று சொன்னால், பிழை எதனுடையது என்று பிரிப்பது கடினம்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

94, 78 என்ற எண்களைப் பார்த்ததும் மூன்று சோதனை வலித்தால் 94 விழுக்காடு உறுதி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாட்பட்ட இடுப்பு வலியோடு வரும் 100 பேரில் 20 பேருக்கு மட்டும் இந்த மூட்டே காரணம் என்று கொள்வோம். அந்த 20 பேரில் 19 பேருக்குச் சோதனை வலிக்கும். மீதி 80 பேரில் 18 பேருக்கும் வலிக்கும். மொத்தம் 37 பேர். அவர்களில் உண்மையானவர்கள் 19 பேர், கிட்டத்தட்டப் பாதி. பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம். ஆனால் சோதனை வலிக்காத 63 பேரில் ஒருவர்தான் தவறவிடப்பட்டவர். ஆகவே இந்தச் சோதனைத் தொகுப்பு இல்லை என்று சொல்லும்போதுதான் அதிகம் நம்பத்தக்கது.

செந்தூல்வாசி போல, கர்ப்பத்தில் தொடங்கி, ஒற்றை விரலால் அந்த இடத்தையே காட்டுபவர்களில் பாதிப் பேருக்கு இந்த மூட்டே காரணம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் கணக்கு மாறும். 50 பேரில் 47 பேரும், மற்ற 50 பேரில் 11 பேரும் வலிக்கிறது என்பார்கள், 58க்கு 47 என்பது 81 விழுக்காடு. சோதனை அதே சோதனைதான். யாரிடம் செய்கிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது. ஊசியே மழுங்கியது என்று ஐயா ஒப்புக்கொண்ட பிறகு இந்த எண்களைத் தசமப் புள்ளி வரை நம்புவதும் சரியாகாது.

கெப்போங் தாதி எழுதியது:

பிரசவத்துக்குப் பிந்தைய தாய்மார்களைப் பார்த்துக்கொள்ளும் தாதி நான். சகோதரிக்கு இருப்பது பிரசவம் சார்ந்த இடுப்பு வளைய வலியாக இருக்கலாம் என்பதால் ஒன்று சொல்கிறேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயர்த்தும் சோதனை ஒன்று உண்டு. எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு 0 முதல் 5 வரை நீங்களே மதிப்பெண் சொல்ல வேண்டும். இரு கால்களையும் கூட்டினால் அதிகபட்சம் 10. பிறகு இடுப்பெலும்புகளை இரு பக்கமும் கையால் அல்லது பட்டையால் அழுத்திக்கொண்டு மறுபடி தூக்கச் சொல்வார்கள். நெதர்லாந்தின் மென்ஸ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சோதனை நோயுள்ளவர்களில் 87 விழுக்காட்டினரைப் பிடித்து, இல்லாதவர்களில் 94 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. 2008இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதலும், வலித்தூண்டல் சோதனைகளில் ஒன்றான தொடை உந்தல் சோதனையோடு இதையும் பரிந்துரைக்கிறது.

பத்தியக் காலத்தில் மலாய்க்காரப் பெண்கள் சுற்றிக்கொள்ளும் பெங்குங் துணியை நம் வீடுகளிலும் பலர் சுற்றிக்கொள்கிறார்கள். அதைக் கட்டியிருக்கும்போது கால் தூக்குவது எளிதாகிறது என்று தாய்மார்கள் தாமாகவே என்னிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது வயிற்றுக்கான கட்டு, இடுப்பெலும்புக்கான பட்டை இன்னும் கீழே வர வேண்டும். இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

பினாங்கு பிசியோ எழுதியது:

தாதி அம்மா சொன்னது சரி. சகோதரி, காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு இறுகிக் கிடந்து, நடமாடிய பின் தளர்கிறது என்றால் இந்தச் சோதனைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மூட்டு அழற்சி நோயை இரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ ஆகியவற்றின் துணையோடுதான் கண்டறிய வேண்டும். அது இல்லையென்றால், நான்கைந்து தூண்டல் சோதனைகளையும் கால் தூக்கும் சோதனையையும் ஒரே அமர்வில் செய்து, ஒவ்வொன்றின் முடிவையும் எழுதித் தரும் ஒருவரைத் தேடுங்கள். ஒரு காலின் கணுக்காலை மறு முழங்காலின் மேல் வைத்து, மடங்கிய முழங்காலை வெளிப்புறமாக அழுத்தும் ஃபேபர் சோதனையில் வலி கவட்டியில் வந்தால் அது பெரும்பாலும் தொடை மூட்டின் வலி, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவரிடம் நினைவூட்டினாலும் தவறில்லை.

செந்தூல்வாசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். காலை இறுக்கம் எனக்கு இல்லை. நீங்கள் சொன்னபடியே ஒருவரைக் கண்டுபிடித்தேன். முதுகை வளைக்கச் செய்து பார்த்துவிட்டு, பிறகு ஐந்து தூண்டல் சோதனைகள் செய்தார். தொடையை உந்தும் சோதனையிலும், இடுப்பை முன்னிருந்து விரிக்கும் சோதனையிலும், குப்புறப் படுக்கவைத்துத் திருவெலும்பை அழுத்தும் சோதனையிலும் என் வலியே வந்தது. பக்கவாட்டில் அமுக்கியபோது ஒன்றுமில்லை. கட்டிலின் ஓரத்தில் ஒரு காலைத் தொங்கவிடும் கேன்ஸ்லன் சோதனையில் ஏதோ இழுத்தது, ஆனால் என் வலி அல்ல என்றேன்; இல்லை என்று எழுதிக்கொண்டார். கால் தூக்கும் சோதனையில் வலக்காலுக்கு 4, இடக்காலுக்கு 1. பட்டை கட்டியதும் வலக்கால் 2 ஆயிற்று.

ஆர்வத்தில், அதே நிலையத்தில் இருந்த இன்னொருவரிடம் முதலாமவரின் தாளைக் காட்டாமல் மறுபடி சோதிக்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நான்கு சோதனைகளில் இருவரும் ஒத்துப்போனார்கள். கேன்ஸ்லன் சோதனையில் மட்டும் இவர் வலி உண்டு என்று எழுதினார். அதற்குள் என் இடுப்பு நொந்துபோயிருந்ததும் காரணமாக இருக்கலாம். எந்தப் பக்க எலும்பு சுழன்றிருக்கிறது என்று இருவரிடமும் கேட்டேன். முதலாமவர் அதை நாங்கள் பார்ப்பதில்லை என்றார். இரண்டாமவர் கொஞ்சம் தயங்கி, இடப்பக்கம் போலத் தெரிகிறது என்றார்.

ஐந்தில் நான்கு ஒத்துப்போனதற்குக் காப்பா எவ்வளவு வரும்?

எண்ணும் எழுத்தும் எழுதியது:

ஓர் இடுப்பை வைத்து அதைக் கணக்கிட முடியாது அம்மா. உங்களைப் போல இன்னும் ஐம்பது பேரையாவது அந்த நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள், அடுத்த முறை சோதிக்கும் வரிசையையும் மாற்றச் சொல்லுங்கள். கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.